உடனே இல்லாத ஸ்லைடு

சித்ரகலா டாக்கீஸில் சாவுக்கு அவசரம் கிடையாது. எங்கும் எழுதி ஒட்டாத சட்டம் அது. கொட்டகையில் வேலை பார்த்த ஆறேழு பேருக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் மண்ணுக்கோ மகன் வீட்டுக்கோ போய்விட்ட பிறகு, நசருல்லாவுக்கும் குல்ஜார் பேகத்துக்கும் மட்டும் தெரிந்திருந்தது.

அமாவாசை அன்று தறி ஓடாது. பொதட்டூர்பேட்டையிலும் ஆர்.கே.பேட்டையிலும் அன்றைக்கு நெசவாளிகளுக்கு விடுமுறை. காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, டவுன் பஸ் ஏறித் திருத்தணி வந்து, மலைப்படி ஏறி முருகனைப் பார்த்துவிட்டு, இறங்கியதும் நேராகச் சித்ரகலாவுக்குத்தான் வருவார்கள். ஊரெல்லாம் வெள்ளிக்கிழமை புதுப்படம் போட்டால் சித்ரகலா மட்டும் அமாவாசைக்குப் போடும். அதனால் அமாவாசையன்று யாருக்கு யாரைத் தேடவேண்டி வந்தாலும் கொட்டகை வாசலுக்கு ஓடிவருவார்கள். வலி கண்டுவிட்டது, மாடு கிணற்றில் விழுந்துவிட்டது, சம்பந்தி வந்து இறங்கிவிட்டார், கிழவிக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது.

ஆபரேட்டர் நசருல்லா சிம்னி விளக்கில் கண்ணாடித் துண்டைக் காட்டிக் கரி ஏற்றி, கோணி ஊசியால் எழுதுவார். அச்சுக் கோத்தது போன்ற எழுத்து. 'ஆர்.கே.பேட்டை குமரவேல் உடனே வெளியே வரவும்.' ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் மேலேயே அது விழும். கதாநாயகியின் கன்னத்தில் குமரவேலின் பெயர் நடுங்கும். ஆண்கள் பக்கமானால் அவர்களாக எழுந்து வருவார்கள். பெண்கள் பக்கமானால் வாசற்காரி குல்ஜார் டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருவாள்.

அந்தக் குமரவேல்தான் சட்டத்துக்குக் காரணம். அவன் தாய் இறந்த சேதி வந்தபோது நசருல்லா வழக்கம்போல 'உடனே' போட்டுவிட்டார். பால்கனியில் இருந்தவன் இருட்டில் படிகளைத் தாண்டித் தாண்டி ஓடிவந்தான். கடைசி எட்டுப் படி காலுக்குக் கிடைக்கவில்லை. தொடை எலும்பு முறிந்தது. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப்போய்த்தான் கொள்ளிச்சட்டி பிடிக்க வைத்தார்கள்.

அன்றைக்கே நசருல்லா முடிவெடுத்தார். "போன உசுருக்கு இன்னா அவசரம்? இருக்கற உசுருக்குத்தான் உடனே" என்றார். அதிலிருந்து சாவுச் சேதிக்கு 'வெளியே வரவும்' என்று மட்டும் எழுதுவார். 'உடனே' இருக்காது. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வேட்டியை இறுக்கிக்கொண்டு, படத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மெதுவாக நடந்து வருவார்கள். குல்ஜாருக்குத் தெரியும். டார்ச் வெளிச்சத்தில் ஒரு பெண்ணின் பாதங்களுக்கு வழிகாட்டிக்கொண்டே, வாசல் திரைக்கு இன்னும் ஆறு அடி, இன்னும் நான்கு அடி என்று எண்ணுவாள். அந்தத் திரை வரைக்கும் இவள் ஒருத்தி. அதைத் தாண்டினால் வேறு ஒருத்தி.

செல்போன் வந்த பிறகு ஸ்லைடு நின்றுபோனது. பதினெட்டு வருஷம் இருக்கும். இப்போது கொட்டகையும் நிற்கப்போகிறது. ஒரு ஜவுளிக்கடைக்கு விற்றாகிவிட்டது. வைகாசி அமாவாசையன்று பெண்களுக்கு மட்டும் இலவச மேட்னி. அதுதான் கடைசி ஆட்டம்.

*

அன்று காலை நசருல்லா தட்டில் வைத்த மூன்று இட்லியில் ஒன்றரையோடு கையை எடுத்துக்கொண்டார். வேர்க்கடலைச் சட்னி வழித்தபடி அப்படியே இருந்தது.

"இன்னாங்க, சட்னிய தொடவே இல்ல?"

"வாயு, குல்ஜாரு. நெஞ்சுல கட்டிகினு கீது. கொஞ்சம் ஓமத்தண்ணி வை."

"வாயுவா? போன வருஷமும் வாயுன்னுதான் சொன்னீங்க. மெட்ராஸ்ல போயி நெஞ்சுக்குள்ள கம்பிச்சுருளு வச்சிகினு வந்தீங்க. கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இன்னிக்கி அமாவாச. டாக்டரம்மாகூட உங்கொட்டாயிலதான் ஒக்காந்துருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவருடைய தந்திரம். நாற்பது வருஷமாக ஒவ்வொரு சண்டையும் அவர் இப்படித்தான் ஜெயித்திருக்கிறார். ஓமத்தைக் கொதிக்கவைத்து வடிகட்டிக் கொடுத்தாள். பாதி குடித்தார். ஒரு ஏப்பம் விட்டார். அந்த ஏப்பத்தை இருவரும் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

"பாத்தியா? எறங்கிடுச்சி."

"நான் போவல. ஆஸ்மா போவட்டும்."

"அடி போடீ. முப்பத்திரெண்டு வருஷமா கேட்டாண்டயே நின்னுகினு அரைஅரையா பாத்த. ஒரு படம், ஒரே ஒரு படம் முழுசா ஒக்காந்து பாத்துட்டு வா. அந்தப் பையன் உனுக்குன்னு சீட்டே ஒதுக்கி வச்சிகீறான்."

அந்தப் பையன் கௌதமன். கொட்டகையைக் கட்டிய நூல் வியாபாரியின் பேரன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. விற்பதற்கு முன் மூன்று வாரம் லீவு போட்டு வந்து, தாத்தாவின் கொட்டகையை முறையாக வழியனுப்ப வேண்டும் என்று அலைந்தான். பத்து நாளாகச் சாயங்காலம் தோறும் நசருல்லாவிடம் வந்து உட்கார்ந்து கதை கேட்டான். கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள் படுக்க இடமில்லாமல் தவித்தபோது ஆட்டத்தை நிறுத்தி ஜமக்காளம் விரித்தது, பெருமழையில் தண்ணீர் புகுந்த தெருக்காரர்கள் ஒன்பது நாள் உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டது, நகரியிலிருந்து தெலுங்குப் படம் பார்க்க வருகிறவர்களுக்காக வாசலில் தெலுங்கில் போர்டு எழுதப் பழகியது, எல்லாவற்றையும் நசருல்லா சொன்னார். பழைய ஸ்லைடுப் பெட்டியைக்கூட எடுத்துக் கொடுத்தார்.

"எல்லாத்தியும் சொல்லிட்டீங்களா?" என்று குல்ஜார் ஒருநாள் கேட்டாள்.

"ஆங், எல்லாந்தான்" என்றார்.

இன்று காலை குல்ஜார் ஒருவழியாக இறங்கிவந்தாள். "ஆஸ்மாவ வரச்சொல்லிட்டுப் போறேன். துணைக்கு இருக்கட்டும். என் போனு இந்தா, இங்கயே வச்சிக்கோங்க. உங்க போனுதான் தண்ணில வுழுந்து மூஞ்சி காட்ட மாட்டேங்குது."

"நீ போவியா, இல்ல நானே பர்தா போட்டுகினு போவட்டா?"

மகள் ஆஸ்மா அடுத்த தெருவிலிருந்து வந்த பிறகுதான் அவள் வாசல் தாண்டினாள். திரும்பிப் பார்த்தபோது அவர் மின்விசிறிக்குக் கீழே பனியனை மார்புக்கு மேல் சுருட்டி விட்டுக்கொண்டு படுத்திருந்தார். போ என்பதுபோலக் கையை ஆட்டினார்.

*

வெயிலில் மலைப்பாறை தகித்துக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் வந்ததும் கண் கொஞ்ச நேரம் எதையும் பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்தை ஆண்கள் பக்கத்திலிருந்து பிரித்த இடுப்புயரச் சுவர் இன்னும் அப்படியே இருந்தது. இன்றைக்கு இரண்டு பக்கமும் பெண்கள். மல்லிகையும் மாம்பழமும் வியர்வையும் கலந்த வாடை. குழந்தைகள் சுவரில் ஏறிக் குதிரை ஓட்டின.

"வாங்கக்கா, இன்னிக்கி நீங்க டார்ச் அடிக்கக் கூடாது" என்று கௌதமன் அவளை நடு வரிசைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தான். நாற்காலி அவளுக்குப் பழக்கமில்லை. முதுகை எங்கே வைப்பது என்று தெரியாமல் விளிம்பிலேயே இருந்தாள்.

பக்கத்தில் பொதட்டூர்பேட்டை தாயாரம்மாள். எழுபது வயதிருக்கும். அமாவாசை தவறாமல் வருகிறவள். மடியில் முறுக்குப் பொட்டலம்.

"இன்னா பாயம்மா, இன்னிக்கி நீயும் எங்க ஜாதி ஆயிட்ட? தள்ளி ஒக்காரு, நல்லா சாஞ்சிக்கோ. சேர ஒண்ணும் நாம வூட்டுக்கு எடுத்துகினு போவப் போறதில்ல."

"நல்லா கீறியாக்கா?"

"இன்னாத்த நல்லா? இந்தக் கொட்டாய இடிக்கறாங்கன்னதும் எனுக்குப் புருஷன இன்னொரு தரம் தூக்கறாப்புல கீது. உனுக்குத் தெரியுமா? என்னப் பொண்ணு பாத்ததே இங்கதான். இடைவேளையில நான் கலர் குடிச்சிகினு நிக்கறேன். அந்தாண்ட சுவத்துமேல கைய வச்சிகினு ஒருத்தரு என்னயே பாத்துகினு கீறாரு. எங்க நைனா தோள்ல தட்டி, அவருதாண்டி மாப்புள்ளன்னாரு. அப்பறம் ரெண்டாம் பாதில யாரு செத்தா, யாரு பொழச்சா, எனுக்கு இன்னாத்த தெரிஞ்சிது?"

முன்வரிசைப் பெண்கள் திரும்பிச் சிரித்தார்கள்.

படத்துக்கு முன்னால் கௌதமன் ஒரு சின்ன புரொஜக்டரை வைத்துத் திரைக்குப் பக்கத்துச் சுவரில் பழைய போட்டோக்களைக் காட்டினான். கடைசியாக நசருல்லாவின் ஸ்லைடுகளில் ஒன்று வந்தது. 'பேரம்பாக்கம் யோகலட்சுமி உடனே வெளியே வரவும்.' கொட்டகை கைதட்டியது. "யாரு அந்த யோகலட்சுமி? இன்னும் போவலியா?" என்று ஒரு குரல். "இன்னிக்கும் யாரையாவது கூப்பிடணும்னா இப்படித்தான் போடுவோம்" என்று கௌதமன் திரைக்கு முன்னால் நின்று உரக்கச் சொன்னான். மறுபடியும் கைதட்டல். குல்ஜார் அந்த எழுத்தைப் பார்த்தாள். 'ட'வுக்கு அவர் போடும் நீண்ட கோடு. தன் வீட்டு ஆளை மற்றவர்கள் பாராட்டுவதுபோல் கூச்சமாக இருந்தது.

படம் தொடங்கியது. ஒரே மாதிரி இருக்கும் இரட்டைச் சகோதரர்கள், ஒருவன் ஊரில், ஒருவன் பட்டணத்தில். இந்தப் படத்தை அவள் இருபது தடவையாவது பார்த்திருப்பாள், வாசல் திரையின் இடுக்கு வழியாக. இப்போது முழுத்திரையும் அவள் முன்னால் இருந்தது. மெல்ல மெல்ல முதுகு நாற்காலியில் சாய்ந்தது. கால் செருப்பைக் கழற்றியது. ஒரு முறுக்கை வாங்கிக் கடித்தாள்.

பட்டணத்துக்காரனை ஊர்க்காரன் என்று நினைத்துத் தாய் சோறு ஊட்டும் கட்டம். கொட்டகை சிரிப்பில் குலுங்கியது. அப்போது சுவரில் வெளிச்சம் விழுந்தது.

குல்ஜார் பேகம் வெளியே வரவும்

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நிற்பதற்கு முன்பே கண் இரண்டாவது தடவை படித்துவிட்டது. 'பேகம்' என்பதற்கும் 'வெளியே' என்பதற்கும் நடுவில் அவள் தேடினாள். அங்கே வெறும் சுவர் இருந்தது.

"பாயம்மா, உம்பேரு தான?"

"ஆங்."

"போயேன்."

"போறேன்க்கா."

எழுந்திருக்கத்தான் நினைத்தாள். கைகள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டன. கால் செருப்பைத் தேடி, ஒன்றைக் கண்டுபிடித்து, மற்றதைக் கண்டுபிடிக்காமல் நின்றது. சுவரில் பெயர் மறைந்தது. சிறிது நேரத்தில் மறுபடி வந்தது. அதே நான்கு சொற்கள்.

நெஞ்சுக்குள் அவளுக்கு எதுவும் உடையவில்லை. வினோதமாகத் தெளிவாக இருந்தது. அவர் போய்விட்டார். மின்விசிறிக்குக் கீழே போய்விட்டார். ஆஸ்மா அவர் வாயைக் கட்டியிருப்பாள், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருப்பாள். மருமகன் அல்தாஃப் பள்ளிவாசலுக்குச் சொல்லப் போயிருப்பான். ஓமத்தண்ணீர் மிச்சம் தலைமாட்டில் இருக்கும். அவள் எழுந்து அந்த வாசல் திரையை விலக்கினால் இதெல்லாம் நடந்ததாகிவிடும். அதற்குப் பிறகு இத்தா என்னும் துக்கக்காலம். நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள். அது முடிந்து வெளியே வரும்போது இந்தக் கொட்டகை இருக்காது, இந்த நாற்காலி இருக்காது, நசருல்லாவின் பெண்டாட்டி என்று யாரும் இருக்கமாட்டாள்.

போன உயிருக்கு என்ன அவசரம்? அவரே சொன்னதுதான்.

இந்தப் பாட்டு முடியட்டும் என்று இருந்தாள். பாட்டு முடிந்தது. தாய் யாருக்குச் சோறு ஊட்டினோம் என்று தெரிந்து அழும் கட்டம் வந்தது. அது முடியட்டும் என்று இருந்தாள். முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனை பெண்களை அந்தத் திரைக்கு அப்பால் கூட்டிப்போய் விட்டிருக்கிறாள். ஒருத்தியையாவது, இரும்மா, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. இப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரு. இன்னும் கொஞ்சம். இங்கே இருக்கும்வரை அவர் பனியனைச் சுருட்டிவிட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்.

"இன்னா, போவலியா?" தாயாரம்மாள் முழங்கையால் இடித்தாள்.

"உடனேன்னு போடலியேக்கா" என்றாள் குல்ஜார்.

"ஆமாமா. யாராச்சும் சொந்தக்காரங்க வந்துருப்பாங்க. இடைவேளையில போ."

இதை எழுதியது யார் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. ஸ்லைடு என்றால் அது நசருல்லாவின் எழுத்து. அதில் ஒரு சொல் இருந்தால் காரணத்தோடு இருக்கும், இல்லாவிட்டால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும். பத்து நாள் அவரிடம் உட்கார்ந்து கதை கேட்ட பையன் இதைக் கேட்காமலா இருப்பான்?

இடைவேளை விளக்கு எரிந்தபோது அவள் முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மற்ற செருப்பு தாயாரம்மாளின் காலடியில் இருந்தது. போட்டுக்கொண்டாள். மெதுவாக நடந்தாள். அவள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நடை. வாசல் திரைக்கு ஆறு அடி, நான்கு அடி.

*

கௌதமன் வாசலில் நின்றிருந்தான். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

"அக்கா! எங்கக்கா இருந்தீங்க? அப்பவே நான் உள்ள வந்தேன், நானே உட்கார வச்ச வரிசை இருட்டுல பிடிபடல, அம்மாங்க எல்லாம் மறைக்காதேன்னு திட்டுறாங்க. ரெண்டு தடவை போட்டேனே!"

"பாத்தேன் தம்பி" என்றாள். குரல் நிதானமாக வந்தது. "எப்போ?"

"ஆட்டோ பத்து நிமிஷம் நின்னுச்சிக்கா. உங்க மருமகன் ஹாரன் அடிச்சிட்டே இருந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலதான் நிறுத்தினாங்க. நீங்க வராம போகமாட்டேன்னு பாய் பிடிவாதம்."

குல்ஜார் அவன் வாயைப் பார்த்தாள்.

"யாரு?"

"பாய்தான்."

"பாயி... ஆட்டோல படுத்துகினா?"

"இல்லக்கா, உட்கார்ந்துதான் இருந்தாரு. நெஞ்சைப் புடிச்சிட்டு. வேர்த்துக் கொட்டுது. ஆனா நல்லாத்தான் பேசினாரு."

"பேசனாரா?"

"ஆமாக்கா. எங்கிட்ட பேசினாரு."

அவளுக்குக் கொட்டகையின் வாசற்படி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தூணைப் பிடித்தாள். கௌதமன் அவள் தோளைத் தாங்கிக்கொண்டான். "பயப்படாதீங்கக்கா. அதுக்குத்தான் நான் யோசிச்சு யோசிச்சுப் போட்டேன். ஆஸ்மாக்கா போன் பண்ணினதும் உடனே வெளியே வரவும்னுதான் டைப் பண்ணினேன். அப்புறம், பதறி அடிச்சிட்டு ஓடிவந்து இருட்டுல விழுந்துடப் போறீங்கன்னு 'உடனே'யை எடுத்துட்டேன். இருங்க, பைக் எடுக்கிறேன்."

பைக்கில் போகும்போது வெயில் கண்ணில் அடித்தது. எதிரே அமாவாசைக் கூட்டம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள், பூக்கூடைகள், ஆந்திரா பஸ்கள். "இன்னும் வேகமா, தம்பி" என்று அவள் கத்தினாள். வாழ்க்கையில் அவள் யாரையும் அப்படி அவசரப்படுத்தியதில்லை.

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் அல்தாஃப் சுவரோரம் குத்துக்காலிட்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்று தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டான். அதிலேயே தெரிந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே தலை தொங்கிவிட்டது என்று அப்புறம்தான் சொன்னார்கள்.

பச்சைத் துணிக்கு மேலே முகம் மட்டும் தெரிந்தது. சவரம் செய்யாத நரைமுள். குல்ஜார் அந்த நெற்றியில் கை வைத்தாள். வியர்வை இன்னும் காயவில்லை. ஈரமாக இருந்தது.

"படம் முடிஞ்சிதா அம்மி?"

ஆஸ்மா பின்னால் நின்றிருந்தாள். அழுது முடித்த முகம். அதைவிட மோசமான ஏதோ அதில் இருந்தது.

"ஆஸ்மா..."

"நான் எறங்கி உள்ள ஓடறேன்னு சொன்னேன். என் கைய புடிச்சிகினு உடல. 'இருட்டுல நீ எங்கன்னு தேடுவ, பேரு போட்டாச்சி இல்ல, ரெண்டு நிமிஷத்துல வந்துடுவா, அவள உட்டுட்டு நான் போவமாட்டேன்'னாரு. அவரு இந்தக் கைய எப்டிப் புடிச்சாரு தெரியுமா? பாரு, வளையல் அழுந்துன தடம். பத்து நிமிஷம் அம்மி. அல்தாஃபு அடிச்ச ஹாரனு மலைக்கே கேட்டுருக்கும்."

குல்ஜார் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்பறம் அந்த கௌதமன் வந்து, மறுபடியும் போட்டுட்டேன் பாய்ன்னான். பாவா அவன கேட்டாரு. இன்னான்னு எழுதன, உடனே போட்டியான்னு. இல்லன்னு சொன்னான். அவ்ளோதான். பாவா அப்டியே பின்னால சாஞ்சிகினாரு. 'அப்ப அவ வரமாட்டா. மெதுவாத்தான் வருவா. வண்டிய எடு'ன்னாரு." ஆஸ்மா தகப்பன்மேல் கிடந்த பச்சைத் துணியை இழுத்துச் சரிசெய்தாள். "அவருக்கே தெரிஞ்சிகீது. உடனேன்னு போட்டாத்தான் நீ ஒக்காந்த எடத்த உட்டு எழுந்துப்பன்னு. சாவற நேரத்துல தெரிஞ்சிகினு போயிட்டாரு."

குல்ஜார் திரும்பி மகளைப் பார்த்தாள். ஆட்டோவின் பின் இருக்கையில் சாய்ந்துகொண்டு அவர் என்ன பார்த்தார் என்று அந்த வராந்தாவில் அவளுக்கு மட்டும் தெரிந்தது. கொட்டகைச் சுவரைத் தாண்டி, இருட்டைத் தாண்டி, நடு வரிசையில் தன்னை அடக்கம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டியை அவர் பார்த்துவிட்டார். அவள் உயிரோடு இருக்கும் புருஷனுக்கு அழுதுகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும் போய்ச் சொல்ல வழியில்லாமல், வண்டியை எடு என்றிருக்கிறார்.

"கோவமா சொன்னாரா?"

"இன்னா?"

"வரமாட்டான்னு சொன்னப்ப. கோவமா சொன்னாரா, ஆஸ்மா?"

ஆஸ்மா வளையல் தடத்தைத் தேய்த்தாள். "இல்ல" என்றாள். "பாவமேன்னு சொல்ற மாதிரி சொன்னாரு. அதான் எனுக்குத் தாங்கல."

*

அன்றிரவு இஷா தொழுகைக்குப் பிறகு அடக்கம் ஆயிற்று. குல்ஜார் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு உள்ளறைக்குள் போனாள். ஆஸ்மா தாய் வீட்டிலேயே தங்கிக்கொண்டாள். சமைத்தாள், கூட்டினாள், வருகிறவர்களுக்கு டீ கொடுத்தாள். தாயிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. சோற்றுத் தட்டை அறை வாசலில் வைத்துவிட்டு, வைத்த சத்தம் கேட்கும்படி ஒரு தட்டு தட்டுவாள்.

சொல்லிவிடலாம் என்று குல்ஜார் இரண்டு தடவை வாயைத் திறந்தாள். உங்கள் பாவா போட்ட சட்டம் இது என்று தொடங்கினால் போதும். முழுதும் சொன்னால் ஆஸ்மா நம்புவாள். நம்பிவிட்டு, அப்படியானால் எல்லாம் அந்த ஒரு சொல்லை விட்ட கௌதமனால்தான் என்பாள். அல்தாஃப் முன்கோபக்காரன்.

எட்டாம் நாள் கௌதமன் வந்தான். மறுநாள் சென்னைக்குத் திரும்புகிறானாம். இத்தாவில் இருப்பவளை ஆண்கள் பார்க்கக்கூடாது என்று ஆஸ்மா திரைக்கு வெளியே நாற்காலி போட்டாள்.

"அக்கா, எப்படி இருக்கீங்க?"

"கீறேன் தம்பி."

"கூரைத் தகடெல்லாம் கழட்டிட்டாங்க. உள்ள வெயில் அடிக்குது. பாக்கவே..." என்று நிறுத்தினான். பிறகு வேறு குரலில் சொன்னான். "எனக்குத் தூக்கமே இல்லக்கா. கண்ணை மூடினா பாய் கேட்டதே கேக்குது. உடனே போட்டியான்னு. ஏன்க்கா அப்படிக் கேட்டாரு? இல்லன்னதும் ஏன் நீங்க வரமாட்டீங்கன்னு சொன்னாரு? அந்த ஒரு வார்த்தையில என்னக்கா இருக்கு? நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

திரையின் கீழே அவன் பாதங்கள் தெரிந்தன. செருப்பில்லாத, மெலிந்த, சின்னப் பையனின் பாதங்கள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். குமரவேலின் கால் சரியாகக் கூடாமல் போனபின் நசருல்லா பல வருஷம் ஆர்.கே.பேட்டைக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்வந்தார். குமரவேல் மறந்துவிட்டான். எழுதியவருக்குத்தான் அந்தச் சொல் கடைசிவரை செரிக்கவில்லை. அவருக்காவது ஒருவன் கால். இவனுக்கு ஓர் உயிர், அதுவும் இருபத்தாறு வயதில்.

"ஒண்ணும் இல்ல தம்பி" என்றாள் குல்ஜார். "அவரு என்ன எப்பவும் கேலி பண்ணிகினே இருப்பாரு. படம்னா நான் எழுந்துக்க மாட்டேன், கழுத்தப் புடிச்சித் தள்ளணும்னு. அத சொல்லிகீறாரு."

"நீங்க ஸ்லைடைப் பாத்தீங்களாக்கா? நிஜமா?"

"பாத்தேன். நல்லா தெரிஞ்சிது. யாரோ விருந்தாளி வந்துருப்பாங்கன்னு நெனச்சேன். படத்துல ஊறிப்போயிட்டேன். பாட்டு முடியட்டும், பாட்டு முடியட்டும்னு ஒக்காந்துகினேன். நீ எப்டி எழுதியிருந்தாலும் அப்டித்தான் ஒக்காந்துருப்பேன். தப்பு எம்பேர்ல. நீ நிம்மதியா ஊருக்குப் போ."

திரைக்கு அப்பால் அவன் மூச்சு விட்டான். நீளமாக, எட்டு நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சு. பிறகு மூக்கை உறிஞ்சினான். "வரேன்க்கா" என்று எழுந்தான். பாதங்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போயின. பைக் சத்தம் தெருமுனையில் கரையும்வரை அவள் காதுகொடுத்திருந்தாள்.

சமையற்கட்டு நிலையில் ஆஸ்மா நின்றிருந்தாள். கையில் கஞ்சிக் கிண்ணம். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

குல்ஜார் அவள் முகத்தைப் பார்த்தாள். மகள் அதுவரை மனதில் ஒரு மூலையில் தாய் அந்த ஸ்லைடைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்ற சந்தேகத்தை வைத்திருந்தாள் என்பதும், அது இப்போது போய்விட்டது என்பதும் தெரிந்தது.

"விருந்தாளின்னு நெனச்சியா?" என்றாள் ஆஸ்மா.

குல்ஜார் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

"இத வேற யார்கிட்டயும் சொல்லாத அம்மி. வரவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிகினு இருக்காத. எனுக்கு வெக்கமா கீது."

"ஆங்" என்றாள் குல்ஜார்.

ஆஸ்மா கிண்ணத்தை அறை வாசலில் வைத்தாள். இந்த முறை தட்டவில்லை. சமையற்கட்டுக்குப் போய் விளக்குமாற்றை எடுத்துக் கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டத் தொடங்கினாள். இத்தா முடிய இன்னும் நான்கு மாதமும் இரண்டு நாளும் இருந்தன. அத்தனை நாளும் அவள்தான் சமைத்துப் போடவேண்டும், அத்தனை நாளும் இவள் அதைச் சாப்பிட வேண்டும்.